மகளிர் குழுவை உடல்நலத்துக்கும் பயன்படுத்துவது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்ப்புறப் பெண்களுக்கு

தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது 1989இல், அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அதனால் பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ குழு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வம்பே அதுதான். குழு என்றால் கடன் என்று எல்லார் மனசிலும் பதிந்துவிட்டது. கூட்டத்தில் தவணை பேசுவார்கள். இரண்டு மாதமாக ரத்தப்போக்கு நிற்கவில்லை என்பதை ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் மட்டும் முணுமுணுப்பாள். அதோடு கூட்டம் கலைந்துவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருந்தும் பெண்கள் போவதில்லை. துணைக்கு ஆள் இல்லை, கையில் அவசரப் பணம் இல்லை, சாயங்காலம் மாடு கறக்க ஆள் இல்லை, ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாது. இந்த நாலையும் குழுவால் தீர்க்க முடியும். அதற்கான வழி கீழே. ஏற்கெனவே குழுவில் இருப்பவர்கள் நேராக 4ஆம் படிக்குப் போகலாம்.

1. ஆள் சேர்ப்பது

12 முதல் 20 பேர், 18 முதல் 60 வயது, ஒரே ஊர் அல்லது ஒரே தெரு. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளிலும் மாற்றுத்திறனாளி குழுக்களிலும் 5 பேர் இருந்தாலே போதும். வேறு சுய உதவிக் குழுவில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் சின்னவள் வாயே திறக்க மாட்டாள்.

வயது கலந்திருக்கட்டும். எல்லாரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களாக இருந்தால் கர்ப்பிணிக்கு என்ன தேவை என்பதே பேச்சில் வராது. புதிதாக வாழ வந்த மருமகள்கள் இரண்டு மூன்று பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த வீடும் தோழிகளும் தூரத்தில் விட்டு வந்தவர்கள் அவர்கள்தான்.

வாரா வாரம் வசூலுக்கு வரும் தனியார் நுண்கடன் நிறுவனக் குழுவையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே சேமிப்பு கிடையாது, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும். அந்தத் தவணை பாக்கி இருக்கும் வீட்டுப் பெண் ஆஸ்பத்திரிச் செலவைத்தான் முதலில் தள்ளிப்போடுவாள். சேரும்போதே யார் யாருக்கு அப்படிக் கடன் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலக்குவதற்காக அல்ல, அவர்களுக்குச் சேமிப்புத் தொகையை எவ்வளவு என்று வைப்பது என்பதற்காக.

2. முதல் கூட்டமும் தீர்மானமும்

பால் ஊற்றிவிட்டு வரும் நேரம், அதாவது இரவு ஏழு மணிக்கு மேல் வைத்தால்தான் ஆள் வரும். இடம் அங்கன்வாடி அல்லது பள்ளித் தாழ்வாரம். ஒருவர் வீட்டில் வைத்தால் திண்ணையில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு கடனைத் தாண்டாது.

குழுவின் பெயர், குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர், மாதச் சேமிப்பு, கூட்ட நாள், எந்த வங்கிக் கிளை என்பவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அதே பக்கத்தில் இன்னொரு வரியையும் சேருங்கள்: “ஒவ்வொரு மாதமும் இரண்டாவது கூட்டத்தில் கடன் பேச்சுக்கு முன் உறுப்பினர் உடல்நலம் பேசப்படும்.” இதில் ‘முன்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கடன் பேசி முடித்தால் அடுத்த நிமிடம் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

இது உங்கள் சொந்த ஏற்பாடு என்று யாராவது முறைத்தால், குழுக்களுக்கு அரசு வகுத்த பத்து விதிகளான தசசூத்திரத்தில் ஆறாவதே உடல்நலமும் ஊட்டச்சத்தும் சுகாதாரமும்தான் என்று சொல்லுங்கள். கூட்டம், சேமிப்பு, உறுப்பினருக்குள் கொடுக்கும் உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு என்ற முதல் ஐந்தோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள்.

ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் உறுப்பினர்கள் இருப்பார்கள். தீர்மானத்தைத் தமிழில் எழுதினாலும் கையெழுத்துக்கு முன் அவர்கள் பேச்சில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பில் தகவல் கொடுத்து, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்டப் பணியாளரிடம் குழுவைப் பதியச் சொல்லுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

3. வங்கிக் கணக்கு

தேவையானவை: கணக்குத் தொடங்கும் தீர்மானத்தின் நகல், குழு முத்திரை, ஊக்குநர் மற்றும் பிரதிநிதிகளின் ஆதார் நகல், புகைப்படம். சேமிப்புக் கணக்குத் தொடங்க நிர்வாகிகளின் அடையாளச் சான்று போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லா உறுப்பினரின் ஆவணத்தையும் கேட்டு அலைய விட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள். குழுவுக்குப் பான் எண் இல்லையென்றால் படிவம் 60 கொடுக்கலாம்.

மூவரில் இருவர் கையெழுத்து என்று வையுங்கள். ஒரே ஆள் கையெழுத்தில் கணக்கு இருந்தால் அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போன மாதம் பணம் முடங்கிவிடும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழு வங்கிக் கடன் கேட்கலாம். ரூ.10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, உங்கள் சேமிப்புக் கணக்கையும் பிடித்து வைக்கக் கூடாது.

4. உடல்நலத்துக்குத் தனிப் பணம்

சேமிப்போடு சேர்க்காமல் ஆளுக்கு மாதம் ரூ.20 தனியாக வாங்குங்கள். 15 பேர் என்றால் மாதம் ரூ.300, ஆண்டுக்கு ரூ.3,600. சின்னத் தொகைதான். ஆனால் இரவில் வலி எடுத்த பெண்ணுக்குத் தேவைப்படுவதும் ஆயிரம், இரண்டாயிரம்தான். பெரிய செலவுக்குக் காப்பீடு இருக்கிறது.

இதற்கு வட்டி கிடையாது, மூன்று மாதத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரு தடவைக்கு உச்சவரம்பு ரூ.2,000, ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் ஒப்புக்கொண்டால் கூட்டத்துக்குக் காத்திராமல் கொடுக்கலாம் என்று தீர்மானம் போடுங்கள். பணம் முழுவதும் வங்கியில் இருந்தால் சனிக்கிழமை இரவு யாருக்கும் உதவாது. ரூ.2,000 எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவரிடம். ரொக்கப் புத்தகத்தில் இதற்குத் தனிப் பத்தி போட்டால்தான் தணிக்கையில் சிக்கல் வராது.

என்ன நோய் என்று எழுத வேண்டாம். ‘மருத்துவம்’ என்ற ஒரு சொல் போதும்.

5. துணைப் பட்டியல்

இந்தப் படிக்கு ரூபாய் செலவில்லை. நாங்கள் பார்த்தவரை அதிகம் பலன் தருவதும், குழுக்கள் முதலில் கைவிடுவதும் இதுதான்.

உறுப்பினர்களை இரண்டிரண்டாக இணைத்துவிடுங்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி போனால் மற்றவள் கூடப் போவாள், அல்லது அவள் வீட்டில் குழந்தையையும் மாட்டையும் பார்த்துக்கொள்வாள். எது என்பதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்தால் மாடு கறப்பது சுலபம். ஆனால் நெருங்கிய சொந்தக்காரரை இணைக்காதீர்கள், ரகசியம் ராத்திரிக்குள் வீட்டுக்குப் போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாதவரோடு தெரிந்தவரை இணையுங்கள்.

இணையைப் பெயர் போட்டு எழுதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ‘யாராவது கூடப் போங்க’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் போக மாட்டார்கள். கூலி வேலை செய்பவர் துணைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதை உடல்நல நிதியில் இருந்து கொடுப்பதா, பதிலுக்கு வேலை செய்து ஈடுகட்டுவதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். தக்காளி, மாங்காய் அறுவடை நேரத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

கூடப் போகிறவரின் வேலை வெறுமனே உட்கார்ந்திருப்பது அல்ல. வெளிநோயாளி சீட்டு காலையிலேயே வாங்க வேண்டும், பத்து மணிக்குப் போனால் ரத்தப் பரிசோதனை முடிவு அன்றைக்குக் கிடைக்காமல் போகலாம். பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவை பையில் இருக்கட்டும். மருத்துவர் சொன்னதைத் துணைக்கு வந்தவர் எழுதிக்கொள்ள வேண்டும். மறுபடி எப்போது வர வேண்டும் என்பதைக் கேட்காமல் திரும்பக் கூடாது.

6. நலப் பக்கமும் பரிசோதனை நாளும்

ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம். பிரஷர், சுகர், ஹீமோகுளோபின், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்த தேதி, அடுத்த தேதி. நோட்டு அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். குழுவின் புத்தகத்தில் ‘பரிசோதனை முடிந்தது’ என்று மட்டும் குறிப்பு.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசித் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு நாளை முடிவு செய்து, குழுவாகப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் உங்கள் ஊருக்கும் வருவார். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கு அவர் மூலம் மாத்திரை வீட்டுக்கே வரும். அவரைக் கூட்டத்துக்கு விருந்தினராகக் கூப்பிடுங்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே டீ, வெற்றிலை புகையிலை வேண்டாம். நடந்து வந்தவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும். 140/90க்கு மேல் என்றால் வேறொரு நாள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சுகருக்கு வெறும் வயிறு, அதாவது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணி நேரம். 126 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே. இரும்புச்சத்து மாத்திரை எல்லாருக்கும் கிடைக்கிறது, பாதிப் பேர் சாப்பிடுவதில்லை. மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு புரட்டுகிறது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. புரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம். டீயோடு சாப்பிட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. கால்சிய மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நல்லது. ‘தினமும் களிதானே சாப்பிடுகிறோம்’ என்று சிலர் சொல்வார்கள். கேழ்வரகில் பெருமைக்குரியது கால்சியம். ரத்தசோகையைச் சரிசெய்ய அது மட்டும் போதாது.

கருப்பைவாய்ப் பரிசோதனைக்குத்தான் கூட்டம் வராது. 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்துகொள்வது நல்லது. அசிட்டிக் அமிலம் கலந்த நீரைப் பஞ்சில் நனைத்து ஒற்றி, ஒரு நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இதைப் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அனுப்பப்பட்டவர் பயந்து ஊரிலேயே இருந்துவிடுவார். மாதவிலக்கு நாட்களில் செய்ய முடியாது. முந்தைய இரண்டு நாள் உறவு வேண்டாம். பெண் பணியாளர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் பெரியவர் ஒருவர் போய்வந்து ‘வலிக்கலை’ என்று சொன்னால் மற்றவர்கள் தானாக எழுந்து போவார்கள்.

மூட்டுவலிக்காரர்களை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இந்த இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் எலும்பையும் பல்லையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. மூட்டு, இடுப்பு விறைப்பு, பல்லில் பழுப்புக் கோடு என்றால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்று கேளுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அந்த போர்வெல் தண்ணீர் ஆகாது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

7. குழுவில் கர்ப்பிணி இருந்தால்

நாள் தள்ளியதும் பதிவு, 12 வாரத்துக்குள். செவிலியரிடம் பதியலாம், கர்ப்பிணிகள் பதிவுக்கான அரசு இணையதளமான பிக்மியில் தாமே பதியலாம், இ-சேவை மையத்திலும் முடியும். 12 இலக்க எண் கிடைக்கும். தடுப்பூசி முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண்தான், அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் ரூ.18,000. அதில் ரூ.14,000 ரொக்கம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். தவணை முறை இடையில் மாற்றப்பட்டது, அதனால் அக்கா வாங்கிய கணக்கை வைத்து எதிர்பார்க்காதீர்கள்.

பணம் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான். கணவர் பெயரில் கணக்கு கொடுப்பது, ஆதாரில் அப்பா பெயர் முன்னெழுத்தும் பாஸ்புத்தகத்தில் கணவர் பெயர் முன்னெழுத்தும் இருப்பது, ஆதார் வேறொரு பழைய கணக்கோடு இணைந்திருப்பது. தவணை வரும் மாதம் வரை காத்திராமல் பதிவு செய்த வாரமே வங்கியில் கேட்டுச் சரிசெய்யுங்கள்.

பிரசவ வலிக்கு 108. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமானவரை வீட்டில் கொண்டுவிட 102 வண்டி இலவசம். இரண்டு எண்ணும் துணையின் செல்பேசியிலும் இருக்க வேண்டும்.

ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதாக யாராவது கூப்பிட்டால், அது 1994 சட்டப்படி குற்றம். கூட்டிப்போகும் இடைத்தரகரும் மாட்டுவார். கருவைத் தொடர முடியாத நிலை இருந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தாமே சாப்பிடுவதுதான் உயிருக்கு உலை வைப்பது. கரு குழாயில் தங்கியிருந்தால் வெளியே தெரியாது, உள்ளே ரத்தம் கொட்டும். சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இருவர் கருத்தோடும் கலைக்கலாம். 18 வயது முடிந்த பெண்ணின் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து கட்டாயம் இல்லை. இதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவையுங்கள். யாருக்குத் தேவை என்று கேட்க வேண்டாம்.

8. காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் ரூ.60. சான்று கைக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஒதுக்குங்கள், ஐந்தாறு பேர் சேர்ந்து விண்ணப்பித்து ஒரே நாளில் போனால் செலவு குறையும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. வெளிநோயாளிச் செலவுக்குச் செல்லாது. கட்டணமில்லா எண் 1800 425 3993.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையில் நீக்கப்படாமலும், இங்கே சேர்க்கப்படாமலும் இருந்தால் அவள் புகுந்த வீட்டுக் காப்பீட்டில் இல்லை. சண்டை சச்சரவு இல்லாத நாளிலேயே நீக்கல் சான்று வாங்கி இங்கே சேர்த்துவிடுங்கள். பிரிந்த பிறகு இது கஷ்டம்.

9. கூட்டத்தில் பேசக் கூடாதவை

அடி, குடித்துவிட்டு வரும் கணவர், கருக்கலைப்பு, பிள்ளை இல்லாதது ஆகியவற்றைக் கூட்டத்தில் எடுத்து விவாதிக்காதீர்கள். பஞ்சாயத்துப் பண்ணுவது குழுவின் வேலையில்லை. அடி வாங்கியவர் துணையிடம் சொன்னால், துணை அவரோடு போய் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கட்டும். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க இடம், மருத்துவம், சட்ட உதவி ஒரே இடத்தில் கிடைக்கும். காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, அங்கே எப்படி நடந்தது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். கீழே விழுந்தேன் என்று பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

தூக்கம் வரவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று வாயை அடைக்காதீர்கள். 14416 மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். அன்று இரவு அவள் தனியாக இருக்கக் கூடாது, பூச்சிமருந்து டப்பா வீட்டில் இருக்கக் கூடாது. 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. சொன்னவர் யார் என்று தெரிவிக்க மாட்டார்கள்.

10. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள்

செங்கல் சூளைக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் போகிறவர்களைக் கூட்டத்துக்கு வரவில்லை என்று நீக்கிவிடுவது வழக்கம். அப்படிச் செய்யாமல் ஆறு மாதம் இடம் வைத்திருப்பதாகத் தீர்மானம் எழுதுங்கள். சேமிப்பைத் துணை கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். போகும்போது பிரஷர், சுகர் மாத்திரை எத்தனை நாளுக்குக் கிடைக்குமோ அத்தனையும், நலப் பக்கத்தின் செல்பேசிப் படமும், கர்ப்பிணி என்றால் அந்த 12 இலக்க எண்ணும் அவரிடம் இருக்க வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கோ ஆடிக்கோ ஊருக்கு வரும் வாரத்தில் பரிசோதனை நாளை வையுங்கள். அந்த வாரம் சுகாதார நிலையத்துக்கு விடுமுறை எந்தெந்த நாள் என்று முன்பே செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.